உப்பளத்தைத் தாண்டி

மோதிரம் சுற்றவில்லை. ஓட்டத்துக்கு நடுவே கட்டைவிரலால் மோதிரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிடுவது ராஜகனியின் பழக்கம். ஆத்தூர்ப் பாலத்தில் திரும்பும்போதுகூடச் சுற்றியது. இப்போது விரலைக் கவ்விக்கொண்டு அசைய மாட்டேன் என்கிறது. விரலா அது, அவித்த பனங்கிழங்கு. சரி, வெயில், வெயிலுக்கு வீங்கும், கையைத் தொங்கவிட்டு ஓடினாலும் வீங்கும், தூக்கிக்கோ என்று ஜெனோவா சொல்லியிருக்கிறாள், தூக்கிக்கொண்டாள், தூக்கினால் தோள் கடுக்கிறது, தோளை விட்டால் கை தொங்குகிறது, இந்த உடம்பில் ஒன்றைத் தொட்டால் இன்னொன்று கோபித்துக்கொள்கிறது, கல்யாண வீட்டுச் சொந்தக்காரர்கள் மாதிரி. ஓடு. பழையகாயல் பின்னால் போய்விட்டது. கடைசி வீடு, கடைசி வேப்பமரம், கடைசி நாய், எல்லாம் போய்விட்டது. இனி ரோடு மட்டும்தான். இரண்டு பக்கமும் உப்பளம், கண் எட்டுகிற மட்டும் பாத்தி பாத்தியாகத் தண்ணீர், மேட்டில் குவித்த உப்பு, மரம் என்று பேருக்கு அங்கொன்று இங்கொன்றாக உடைமரம். இந்த இடத்தில்தான் போன மூன்று நீள ஓட்டத்திலும் அவள் உட்கார்ந்தாள். மாடு லாடம் கட்டுகிறவனைத் தூரத்திலேயே கண்டுகொள்வது போலக் கால் இந்த இடத்தைக் கண்டுகொண்டது. இன்றைக்கு உட்காரக் கூடாது. நடக்கலாம், நிற்கலாம், தவழக்கூடச் செய்யலாம், உட்காரக் கூடாது. முத்தையாபுரம் முக்கில் டயர்க்கடை வாசலில் புறப்பட்டவள் அதே வாசலுக்குப் போய்ச் சேர வேண்டும், முப்பத்திரண்டு கிலோமீட்டர், இதுதான் கடைசி நீள ஓட்டம், இதற்குப் பிறகு திருச்சி வரைக்கும் குறைத்துக் குறைத்து ஓடவேண்டியதுதான். போய்ச் சேர்ந்தால் ஆவணிக் கடைசியில் திருச்சியில் முழு மாரத்தான். உட்கார்ந்தால் பாதி. பதிந்த பேரை முழுசிலிருந்து பாதிக்கு மாற்றிக்கொள்ள இன்றைக்குத்தான் கடைசி நாள், சாயங்காலத்துக்குள் சொல்லியாக வேண்டும், முழுசா பாதியா. இது ஜெனோவாவும் அவளும் கை அடித்துச் செய்துகொண்ட ஏற்பாடு. பாதி ஓடுகிறவர்களும் மனிதர்கள்தான், ஒன்றும் கேவலம் இல்லை. அதைத்தான் வீட்டுக்காரரும் சொல்கிறார். பாதி போதுமே ஏட்டி, யாரு கேக்கப்போறா. யாரும் கேட்கப்போவதில்லை. அதுதானே விஷயம். ஓடு.

தண்ணீர். உடைமரத்தடியில் அடுத்த பாட்டில் இருக்கிறது. நேற்றுச் சாயங்காலம் வீட்டுக்காரர் தங்கப்பழத்தின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வந்து, ஒவ்வொரு மரத்தடியிலும் ஒரு பாட்டிலைச் சொருகி, மேலே கல் வைத்து, முள்ளை இழுத்து மூடிவிட்டுப் போனாள். அவர் இன்ஜினை அணைக்காமலே காத்திருந்தார். போலீஸ்காரன் பாத்தா குண்டு வைக்கோம்னு நினைப்பான், என்றார். பெயின்ட் கடை முதலாளி, மனைவி முள்ளுக்குள் குனிந்து பாட்டில் ஒளிக்கிறாள், யாராவது வாடிக்கையாளர் பார்த்தால் என்ன ஆவது என்ற கவலை அவருக்கு. பார்த்தால் என்ன. பயிற்சி தொடங்கிய புதிதில் ஒருநாள் கடற்கரையில் மயங்கி விழுந்தாள், அன்றிலிருந்து ஜெனோவா பிடித்துக்கொண்டாள், தண்ணி குடி யக்கா, தண்ணி குடிச்சியா யக்கா, தாகம் எடுக்கும் முன்ன குடிச்சிரணும். ஜெனோவா பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர், கழுத்தில் விசில் இல்லாத நாளில்கூட விசில் அடிக்கிற குரல். ராஜகனி சொன்னால் சொன்னதைச் செய்கிறவள். ஒரு மடங்கு சொன்னால் இரண்டு மடங்காகச் செய்கிறவள். கல்லை நகர்த்தினாள், முள் குத்தியது, மூடியைத் திருகினாள், விரல் வழுக்கியது, பல்லால் கடித்துத் திருகி முழுப் பாட்டிலையும் குடித்தாள். தாகம் இல்லை. இருந்தாலும் குடித்தாள். வயிற்றில் களக் களக் என்றது, பாதி நிரம்பிய குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற மாதிரி. குமட்டியது. வெயில். எல்லாவற்றுக்கும் வெயில். ஓடு.

பின்னாலிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் வந்து வேகம் குறைத்தது. இரண்டு பையன்கள், நெற்றியில் திருநீறு.

"யக்கா! முருகன் கோயிலு அந்தப் பக்கம்! நீங்க திரும்பி ஓடுதிய!"

"லேய், கும்புட்டுட்டு வாராவ போலல."

"ஓடியேவா?"

"நேத்திக்கடனா இருக்கும். கேளேன்."

"என்ன நேத்திக்கடன் யக்கா?"

பதில் சொல்ல மூச்சு இல்லை. கையைக் காட்டினாள், போ என்று. ஆசீர்வாதம் என்று நினைத்தார்களோ என்னவோ, அரோகரா என்று கத்திக்கொண்டு போனார்கள்.

நேர்த்திக்கடன். அப்படிச் சொல்லிக்கொண்டால் ஊரில் ஒருவரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். சாமிக்காக என்றால் உருளலாம், தீ மிதிக்கலாம், அலகு குத்தலாம். சும்மா ஓடினால்தான் பைத்தியம். தபால் ஆபீஸ் கவுன்டரில் அதே கேள்விதான், என்ன மேடம் ஓடுதியளாமே, எதுக்கு. ஸ்டாம்பைக் கிழித்துக்கொண்டே, சும்மா, என்பாள். எதுக்கு என்று அவளுக்கே தெரிந்தால் அல்லவா சொல்ல. பி.எஸ்ஸி. இரண்டாம் வருஷத்தோடு நின்றது, கல்யாணம். டைப்ரைட்டிங் கீழ்ப்பரீட்சை எழுதினாள், மேல்பரீட்சைக்கு முந்தின வாரம் பிரசவ வலி. வீணை மூன்று மாதம். இந்தி முதல் பாடம். ஒன்றும் பெரிய சோகம் இல்லை, எல்லார் வீட்டிலும் உள்ளதுதான், யாரும் வேண்டும் என்று நிறுத்தவில்லை, அவரவருக்கு ஒரு வேலை வந்தது, இவள் பாதியில் எழுந்து போனாள், திரும்பி வந்து பார்த்தபோது நாற்காலியை எடுத்துவிட்டிருந்தார்கள், அவ்வளவுதான். ஒன்றை, எதுவாய் இருந்தாலும் சரி, கடைசி வரைக்கும் போய், அந்தக் கடைசியில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு வரவேண்டும். இதை வாயால் சொன்னால் சிரிப்பார்கள். முதல்நாள் கடற்கரையில் ஒரு விளக்குக் கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் வரைக்கும் ஓடினாள், நெஞ்சு வெடித்துவிடும் போல இருந்தது, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றபோது ஜெனோவா சொன்னாள், போதும் யக்கா, நாளைக்கு ரெண்டு கம்பம். நாளைக்கு இரண்டு கம்பம். அதற்கு மேல் எந்த மந்திரமும் இல்லை. அந்தக் கால்கள்தாம் இன்றைக்கு இருட்டில் கிளம்பி, முள்ளக்காடு தாண்டி, பழையகாயல் தாண்டி, வாழைத்தோட்டத்து ஈரவாசனையும் வெற்றிலைக் கொடிக்கால் வாசனையுமாகக் கிடந்த ஆத்தூர் வரைக்கும் போய், பாலத்துக் கைப்பிடியைத் தொட்டுவிட்டுத் திரும்பியிருக்கின்றன. கீழே தாமிரபரணி இருட்டில் சத்தமாக மட்டும் ஓடியது. தொட்ட கையைப் பார்த்தாள். ஒரு பெண்பிள்ளையின் கால் இவ்வளவு தூரம் கொண்டுவந்துவிடுமா. பஸ்ஸில் வந்தால் தூங்கி வழிகிற தூரம். அந்த நிமிஷம் பாலத்தின் நடுவில் அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அந்த ஆள் எங்கே போனாள் இப்போது.

குழம்பு வைக்காமல் வந்துவிட்டோமோ. இல்லை, வைத்துவிட்டாள், நேற்றே வைத்தாள், புளி கரைத்து, மிளகாய்த்தூள் போட்டு, கத்திரிக்காய் போட்டு. உப்பு இல்லாமல். தூத்துக்குடியில் உப்பில்லாத வீடு ஒன்று உண்டென்றால் அது அவள் வீடுதான். தை மாதம் தங்கப்பழத்துக்குத் தலை சுற்றி, ஆஸ்பத்திரியில் காட்டி, பிரஷர் என்றார்கள். உப்பைக் குறைங்க, என்றார் டாக்டர். குறைக்கத்தான் சொன்னார் மனிதர். ராஜகனிக்குக் குறைக்கத் தெரியாது, நிறுத்தத்தான் தெரியும். அன்றைக்கே கல்லுப்பு ஜாடியையும் ஊறுகாய்ப் பரணியையும் எதிர்வீட்டு அன்னபாக்கியத்திடம் கொடுத்துவிட்டாள். அப்பளம் இல்லை, கருவாடு இல்லை. முதல் வாரம் அவர் சோற்றைப் பிசைந்து பிசைந்து பார்த்தார். ஏட்டி, இது கொழம்பா, கழனியா, என்றார். நானும் அதத்தான திங்கேன், என்றாள். அதோடு அவர் வாய் மூடிவிட்டது. ஒரு சட்டிதான் அந்த வீட்டில், அவருக்கு ஒரு சட்டி இவளுக்கு ஒரு சட்டி என்று வைத்தால் அது என்ன குடித்தனம், அவர் நாக்கு இவள் சட்டியைப் பார்த்துக்கொண்டே இருக்காதா. அவர் கடையடைத்து வருகிற வழியில் வடை தின்றுவிட்டு வருகிறார் என்று தெரியும், சட்டைப்பையில் எண்ணெய்க் காகிதம் கிடக்கும், கேட்டதில்லை. இவள் வடையும் தின்னவில்லை. அதில் ஒரு கெப்பு. ஒரு மனுஷி நினைத்தால் எதையும் விட்டுவிடலாம் என்ற கர்வம். வீட்டுச் சோறு, வெறும் தண்ணீர், ஓட்டம். சனியன் பிடித்த நாக்குதான் சில சமயம் மானத்தை வாங்கிவிடுகிறது. போன வாரம் பார்சல் அனுப்ப ஒரு கிழவர் நெத்திலிக் கருவாடு கொண்டுவந்தார், துணி தைத்த பொட்டலம், எடைத்தட்டில் வைக்கவேண்டியவள் வைக்கவே இல்லை, அப்படியே மூக்குக்கு நேரே வைத்துக்கொண்டு நின்றாள். வெயிட் எவ்வளவும்மா, என்று அவர் இரண்டு தரம் கேட்டார். ஓடி முடித்துவிட்டு வேர்வை காய்ந்த மணிக்கட்டை நக்குகிறாள். யாரும் பார்க்காதபோதுதான். பூனை மாதிரி. வெட்கமாக இருந்தது.

ஆறு ரெண்டு எட்டு. என்ன அது. பின்கோடு. ஏன் பின்கோடு ஞாபகம் வந்தது. ஆறு ரெண்டு எட்டு, அப்புறம். ஆறு ரெண்டு எட்டு, அப்புறம் மூன்று எண் இருக்கிறது, எத்தனை வருஷம் முத்திரை குத்திய எண், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள், ஆறு ரெண்டு எட்டு. அதற்கு மேல் வெள்ளை. கிலோமீட்டர்க் கல் வந்தது, மஞ்சள் தலை, கறுப்பு எழுத்து, தூத்துக்குடி என்று எழுதியிருந்தது, பக்கத்தில் ஒரு எண், எண் தெரிகிறது, அது என்ன எண் என்று தெரியவில்லை, வீட்டுச் சுவரில் எறும்பு ஊர்வதைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டு தாண்டினாள். கெண்டைக்கால் இழுத்தது. இதோ. வந்துவிட்டது. போன தரமும் இப்படித்தான், முதலில் விரல், அப்புறம் குமட்டல், அப்புறம் எண்கள் போய்விடும், அப்புறம் கால் சுருட்டிக்கொள்ளும், அப்புறம் ரோட்டோரம் உட்கார்ந்திருப்பாள், அவர் ஸ்கூட்டரில் வந்து கூட்டிப்போவார். வயசு, என்றார். நெஞ்சுல தெம்பு இல்ல, என்றாள் அன்னபாக்கியம். ராஜகனியும் அப்படித்தான் நினைத்தாள், அவ்வளவுதான் அச்சு, அதில் அவ்வளவுதான் வார்க்க முடியும். ஆறு ரெண்டு எட்டு. தலைக்குள் யாரோ ஈரத்துணியைப் பிழியாமல் போட்டிருக்கிறார்கள். இப்படியே விழுந்தால் என்ன ஆகும். விழுந்தால் அந்தப் பையன்கள் வந்து பார்ப்பார்கள், நேத்திக்கடன் பாதியில நின்னுட்டு பாத்தியா, என்பார்கள். பாதி. மகனுக்கு யார் சொல்வது, பெங்களூரில் தூங்கிக்கொண்டிருப்பான். அம்மா ஓடிக்கொண்டிருந்தபோது. எதுக்கு ஓடினாங்க. தெரியலியே. வெள்ளையாக ஒரு மலை பக்கத்தில் வந்தது, இன்னொரு மலை, பனி என்று நினைத்தாள், தூத்துக்குடியில் பனி ஏது, குளிர்ந்துபோய்த் தூங்கலாம் என்று நினைத்தாள். இடுப்பில் போன் அதிர்ந்தது. எடுத்தாள்.

"எங்க இருக்க?" தங்கப்பழம்.

எங்கே. நல்ல கேள்வி.

"ஏட்டி, ஒன்னயத்தான். உப்பளத்துக்கிட்டயா? வண்டிய எடுக்கவா?"

"ம்," என்றாள். வாய் தானாகச் சொன்னது.

போனை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நடந்தாள். நடை. ஓட்டம் நின்றுவிட்டது, எப்போது நின்றது. நடக்கலாம், உட்காரக் கூடாது. உப்புக்குவியல் ரோட்டை ஒட்டி வந்தது, சரிவு, மெத்தை போல இருந்தது, மேலே ஓலை போட்டு மூடாத பச்சை உப்பு, ஈரம் காயாமல் வெயிலில் கண்ணைக் குத்தியது. உட்கார் என்றது கால். சரி என்றது தலை. ரோட்டைவிட்டு இறங்கினாள், குவியல் பக்கத்தில் போனாள், குனிந்தாள். உட்காரத்தான் குனிந்தாள், அதில் சந்தேகம் இல்லை. கை நேராக உப்புக்குள் போனது. யார் சொல்லிப் போனது. அவள் சொல்லவில்லை. கை அள்ளியது, வாய் திறந்தது, கல்லுப்பு கறமுறவென்று பல்லில் உடைந்தது, மண்ணும் கூடவே. கரிக்கவில்லை. இனித்தது என்று சொன்னால் பொய். கரிப்பு, இனிப்பு என்று பேர் வைப்பதற்கு முன்னால் நாக்குக்கு ஒன்று தெரியுமே, பிறந்த பிள்ளை முலையைக் கவ்வும்போது அதற்கு என்ன தெரியுமோ அது. உடம்பு முழுக்க நின்று கவனித்தது. காது மடல்கூடக் கவனித்தது. இரண்டாவது வாய் அள்ளினாள். அப்போது வயிறு புரண்டது, முட்டியைப் பிடித்துக்கொண்டு கொட்டினாள், வெறும் தண்ணீர், குழாயைத் திறந்துவிட்ட மாதிரி, எத்தனை உடைமரத்துத் தண்ணீர், அத்தனையும். வாயைத் துடைத்தாள். மறுபடி அள்ளினாள்.

"ஏ மஞ்சச் சட்ட! அங்க என்ன செய்த?"

பாத்திக்குள் முழங்கால்வரை காலுறை போட்ட பெண் ஒருத்தி, கையில் உப்பு வாருகிற பலகை, கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி. வரப்பில் ஏறி வந்தாள்.

"உப்பையா திங்க? வெறும் உப்பையா?"

"ஆமா."

"மாசமா இருக்கியோ?"

"நாப்பத்தொம்பது ஆவுது எனக்கு."

"அதுக்கென்ன, எங்க சின்னம்மைக்கு அம்பதுல ஒண்ணு தங்குச்சி."

"மாசமா இருந்தா ஓடுவனாக்கா?"

"அதுவுஞ் சரிதான். பெறவு எதுக்குத் திங்க?"

"கேக்குது."

"எது?"

ராஜகனி நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். எதைக் காட்டுகிறோம் என்று தெரியாமல் வயிற்றையும் தொட்டாள். அந்தப் பெண் சிரித்த சிரிப்பில் பாத்திக்குள் இருந்த மற்றவர்களும் நிமிர்ந்தார்கள்.

"ஏ பேச்சி, என்னளா அங்க?"

"ஒண்ணுமில்லக்கா, உப்புத் திங்க ஒரு ஆளு ஓடியே வந்திருக்கு!" இவளிடம் திரும்பினாள். "எங்களுக்கு இதக் கண்டாலே ஓங்கரிச்சிட்டு வரும். நீ தின்னு தாயீ. மொதலாளி வந்து எண்ணியா பாக்கப் போறாரு."

ஒரு கை உப்பை மூடிக்கொண்டு ரோட்டில் ஏறினாள். நடந்தாள். நக்கிக்கொண்டே நடந்தாள், நடுரோட்டில், பகல் வெளிச்சத்தில், அரசாங்கச் சம்பளம் வாங்குகிற பெண்பிள்ளை. வெட்கம் வரவில்லை. கொஞ்ச தூரம் போனதும் கெண்டைக்கால் பிடியை விட்டது, ஒரு முடிச்சு அவிழ்ந்ததுபோல. இன்னும் கொஞ்ச தூரம். குமட்டல் இல்லை. பேச்சி என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள், பேர் நின்றது. அடுத்த கல் வந்தது, அதில் எண் எண்ணாக இருந்தது. உப்புதானா, கக்கியதா, நடந்து வந்த ஓய்வா, எது என்று யார் கண்டது. அவள் டாக்டர் இல்லை. ஆனால் அந்தக் கை. அதை நினைக்க நினைக்கத்தான் நெஞ்சு திக்கென்றது. தலை தூங்கிப் போய்விட்டது, பேர் போய்விட்டது, எண் போய்விட்டது, ஊர் போய்விட்டது, அந்த நேரத்திலும் ஒருத்தி விழித்துக்கொண்டு உள்ளே இருந்திருக்கிறாள், கையை இழுத்துக்கொண்டு போய் இன்னதுதான் வேண்டும் என்று காட்டியிருக்கிறாள். தை மாதத்திலிருந்து அவள்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். கருவாட்டுப் பொட்டலத்தில் கேட்டாள். மணிக்கட்டில் கேட்டாள். மூன்று ஞாயிற்றுக்கிழமை இதே ரோட்டில் காலைப் பிடித்து இழுத்துக் கேட்டாள். உட்கார்ந்த இடத்துக்கும் இந்த உப்புக்கும் நடுவே ஒரு வரப்பு, எட்டிக் கை நீட்டியிருந்தால் கிடைத்திருக்கும். தெம்பில்லை என்றார்கள், வயசு என்றார்கள், ராஜகனியும் சேர்ந்துகொண்டு அவளைக் குறை சொன்னாள். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் இருட்டில் எழுந்து, கேட்டது கிடைக்காமலே, கூட ஓடிவந்தாள். கடல் உள்ளே இருக்கிறது, அப்படி இப்படி என்று பெரிய வார்த்தை எதுவும் அவளுக்குத் தோன்றவில்லை. இத்தனை வருஷம் கூடவே குடியிருந்தவளை இன்றைக்குத்தான் வாசலில் வைத்துப் பார்க்கிறோம் என்று தோன்றியது. என்ன பேர் உனக்கு. ஆறு ரெண்டு எட்டு, பூஜ்ஜியம் பூஜ்ஜியம் ஒண்ணு. அட. கேட்காதபோது வருகிறது. எப்போது ஓட ஆரம்பித்தாள் என்று தெரியவில்லை, கால் பாட்டுக்கு எடுத்துவிட்டது, சின்ன எட்டு, தரையை ஒட்டி, சரக் சரக் என்று. அடுத்த உடைமரம் வந்தது, கல்லுக்கு அடியில் பாட்டில் இருந்தது, இருக்கட்டும். இதற்கு அப்பால் அவள் ஓடிப் போனதில்லை. காலையில் வந்தாள்தான், இதே ரோடு, இதே மரம், பஸ்ஸில் ஆயிரம் தடவை. ஆனால் இவ்வளவு தூரம் ஓடிய காலோடு இதில் வந்ததில்லை. அதனால் இது வேறு ரோடு. பாத்திகளில் வெயில் ஏறி ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறமாகக் கிடந்தது, ஒன்று பால், ஒன்று வெள்ளரிப்பழம், ஒன்று ரத்தம் கலந்த தண்ணீர் மாதிரி சிவப்பு, நெட்டைக்கால் பறவை ஒன்று அதில் தன் நிழல்மேல் நின்றுகொண்டிருந்தது, காற்று இடப்பக்கமிருந்து அவளைச் சாய்த்துப் பார்த்துச் சாயவில்லை என்று விட்டுவிட்டது. எல்லாம் அப்போதுதான் செய்து வைத்த மாதிரி இருந்தது. யாரும் தொடாத மாதிரி. வாய்விட்டு, ஏ அம்மா, என்றாள்.

எதிரே ஸ்கூட்டர் வந்தது. தாண்டிப் போய், நின்று, வளைத்துத் திரும்பி, பக்கத்தில் வந்தது.

"ஏறு," என்றார் தங்கப்பழம்.

"நீங்க போங்க."

"வரச்சொல்லிட்டு இப்பம் போங்கங்க?"

"நான் எங்க வரச்சொன்னேன்?"

"வண்டிய எடுக்கவான்னேன். ம்-ன்ன."

"அது வேற ஆளு."

அவர் வண்டியை அவள் வேகத்துக்குக் குறைத்தார். அது திணறியது. அவளை ஏறிட்டுப் பார்த்தார், ஒரு தரம், இன்னொரு தரம்.

"ஒதட்டுல என்ன, வெள்ளயா?"

"உப்பு."

"உப்பா." அந்த ஒரு சொல்லை அவர் சொன்ன விதத்தில் ஆறு மாத ஏக்கம் இருந்தது. "எங்க கெடச்சுது?"

ஓடிக்கொண்டே சிரிக்க முடியாது என்று ஜெனோவா சொல்லியிருக்கிறாள். முடிந்தது.

"நாளையிலேர்ந்து ரெண்டு சட்டி," என்றாள்.

"எனக்கும் சேத்தா?"

"ஒங்களுக்குப் பழைய சட்டிதான். எனக்கு வேணும். தெரியாமப் போச்சு."

அவர் வண்டியைப் பின்னால் விட்டார். முள்ளக்காடு வரைக்கும் பின்னாலேயே வந்தார். டீக்கடையில் நின்றவர்கள், முன்னால் ஓடுகிற மனைவியையும் பின்னால் உருட்டிக்கொண்டு வருகிற புருஷனையும் பார்த்து, சண்டை என்று முடிவு செய்தார்கள். "விடுங்க அண்ணாச்சி, வீட்டுக்குத்தான போறாவ," என்றார் ஒருவர். இன்ஜின் இரண்டு தரம் அணைந்தது. மூன்றாவது தரம் அணைந்தபோது அவர் கிளப்பவில்லை. காலால் உந்தி உந்தி வந்தார். மூச்சிரைக்கும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்க வேண்டும் போல இருந்தது, பார்க்கவில்லை, பார்த்தால் தொடை என்ன சொல்லுமோ. தொடை எரிந்தது. பாதத்தில் ஒரு கொப்புளம் உடைந்து ஷூவுக்குள் நனைந்தது. வலி இருந்தது, நிறைய இருந்தது, ஆனால் வலிக்கிற ஆள் இருந்தாள், அவளுக்கு எண் தெரிந்தது, பேர் தெரிந்தது, அடுத்த காலை எங்கே வைப்பது என்று தெரிந்தது. அது போதும். இவ்வளவு வலிக்குள் இவ்வளவு இடம் இருக்கும் என்று யாரும் அவளுக்குச் சொன்னதில்லை.

டயர்க்கடை வாசல். கோடும் இல்லை, கொடியும் இல்லை. பையன் ஷட்டரைத் தூக்கிவிட்டு லாரி டயரை வெளியே உருட்டிக்கொண்டிருந்தான். நின்றாள். நின்றதும் பூமி கொஞ்ச தூரம் தனியாக முன்னால் போய்விட்டு வந்தது. கடைக்காரர் ஸ்டூலை நகர்த்தினார். வேண்டாம் என்று தலையாட்டினாள்.

தங்கப்பழம் வண்டியைச் சாய்த்து நிறுத்திவிட்டு, வேர்வையைத் துடைத்துக்கொண்டு, போனை எடுத்தார். தன்னிடம் கொடுக்கப்போகிறாரா என்று பார்த்தாள். இல்லை, அவரே பேசினார்.

"ஜெனோவாம்மா? நான்தான்… ஆமா, வந்துட்டா… இல்ல, உக்காரல்ல. ஒரு எடத்துலயும் உக்காரல்ல, நான் பின்னாடியேதான வாரேன்." ராஜகனியை ஒரு தரம் பார்த்துக்கொண்டார். "நீ பேர மாத்தாண்டாம். முழுசாவே இருக்கட்டும்."

அந்த வாயிலிருந்து அந்தச் சொல். போனில் ஜெனோவா போட்ட கூச்சல் ஸ்பீக்கர் போடாமலே கேட்டது, டயர் உருட்டிய பையன் நிமிர்ந்து பார்த்தான். ராஜகனி கேட்டுக்கொண்டுதான் இருந்தாள், ஆனால் அவள் அங்கே இல்லை. நாற்பத்திரண்டில் இன்னும் பத்து பாக்கி இருக்கிறது. அந்தப் பத்தைத் திருச்சி வரைக்கும் யாரும் தொட முடியாது, ஜெனோவாவும் தொட்டுக் காட்ட முடியாது, அதற்குள் என்ன இருக்கிறது என்று போனால்தான் தெரியும். பயமாக இருந்தது. உப்பளத்தில் வந்த பயம் இல்லை. திரை விலகப்போகிற நேரத்தில், மணி அடிக்கத் தொடங்கிய பிறகு, உள்ளே இன்னும் ஒன்றும் தெரியாதபோது வருமே, அந்தப் பயம்.

"என்னட்டி, அழுதியா?"

"இல்ல."

"பெறவு?"

"கொஞ்ச நேரம் சும்மா இருங்க," என்றாள்.